பொது இடங்களில் சிறு குழந்தைகளின் அடம்

பொது இடங்களில் சிறு குழந்தைகளின் அடம் என்பது ஏறத்தாழ 1 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகள் பேருந்து, சந்தை, கோயில், மருத்துவமனை, திருமண மண்டபம் போன்ற இடங்களில் தரையில் விழுந்து புரள்வது, கத்துவது, அடிப்பது, பொருள்களை வீசுவது, கையை உதறிவிட்டு ஓடுவது ஆகியவற்றைக் குறிக்கும். பேச்சு வழக்கில் அடம், பிடிவாதம், அழிச்சாட்டியம், சேட்டை எனப் பல பெயர்கள் இதற்கு உண்டு. இவை எல்லாம் ஒன்றல்ல. வரிசையில் நிற்க முடியாமல் துள்ளிக்கொண்டிருப்பது சேட்டை. கேட்ட பலூன் கிடைக்காமல் புரள்வது அடம். ஊசியைக் கண்டு அலறுவது அச்சம். வெளியில் இருந்து பார்க்க மூன்றும் ஒரே சத்தமாகத் தெரிவதால், மூன்றுக்கும் ஒரே மருந்தாக அதட்டலோ அடியோ கிடைக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2019இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சமவெளி ஊர்களும் கல்வராயன் மலையின் பெரும்பகுதியும் அடங்கும். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடியினர் பரவலாக வாழ்கின்றனர். வெள்ளிமலை போன்ற மலையூர்களிலிருந்து மருத்துவம், துணிமணி, அரசு அலுவலக வேலை எனக் கீழே இறங்கும் குடும்பங்கள் குழந்தையை வீட்டில் விட ஆளின்றி உடன் அழைத்து வருவது வழக்கம். மலைச் சிற்றூர் ஒன்றின் அமைதிக்குப் பழகிய 2 வயதுக் குழந்தைக்குக் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தின் ஒலிப்பான்களும் நெரிசலும் எப்படி இருக்கும் என்பதை யோசித்துப் பார்த்தால் அழுகையின் பாதிக் காரணம் புரிந்துவிடும்.

வயதும் இயல்பும்

அடம் வளர்ப்புக் குறையின் அடையாளம் என்று பலரும் நினைக்கின்றனர். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஒன்றரை வயதில் குழந்தைக்கு விருப்பங்கள் பெருகிவிடுகின்றன. அவற்றைச் சொல்லச் சொற்கள் போதவில்லை. உணர்ச்சியை அடக்கித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக வளர 20 வயதையும் தாண்டும். எனவே 2, 3 வயதில் அடம் உச்சத்தில் இருப்பதும், பேச்சு கூடக்கூட அது குறைவதும் இயல்பு.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் புளோரன்ஸ் குட்இனஃப் 1931இல் வெளியிட்ட நூல் இத்துறையின் தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று. தாய்மார்களையே நாள்குறிப்பு எழுதவைத்து, குழந்தை எப்போது, எதற்காகச் சினம் கொண்டது என்பதை அவர் திரட்டினார். சாப்பாட்டு வேளைக்கு முந்தைய நேரத்திலும் உடல்நலம் சரியில்லாத நாள்களிலும் சினம் கூடுவது அக்குறிப்புகளில் தெரிந்தது. நம் வீட்டுப் பாட்டிகள் "புள்ளைக்குப் பசி, அதான் படுத்துது" என்று சொல்வதும் இதைத்தான்.

மைக்கேல் பொடேகல், ரிச்சர்ட் டேவிட்சன் ஆகியோர் 300க்கும் மேற்பட்ட குழந்தைகளின் அடத்தைப் பற்றிப் பெற்றோர் எழுதித் தந்த விவரங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். நான்கில் மூன்று பங்கு அடங்கள் 5 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டிருந்தன. கத்தல், உதைத்தல் போன்ற சினத்தின் வெளிப்பாடுகள் தொடக்கத்திலேயே உச்சத்தை எட்டி இறங்கிவிடுகின்றன. அழுகையும் அரவணைப்பைத் தேடுவதும் பிற்பகுதியில் மேலோங்குகின்றன. கத்திக்கொண்டிருக்கும் குழந்தை எதையும் காதில் வாங்கும் நிலையில் இல்லை. சற்றுப் பொறுத்து, கத்தல் விம்மலாக மாறும்போது அதுவே மடியைத் தேடி வரும். 5 நிமிடம் என்பது பேருந்து நிலையத்தில் நூறு கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அரை மணி நேரமாகத் தோன்றும் என்பது வேறு செய்தி.

வீட்டில் இல்லாத ஒன்று

வீட்டு அடத்துக்கும் வெளியிடத்து அடத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு வேடிக்கை பார்ப்போர். தமிழ்நாட்டில் அவர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. "ஏம்மா, புள்ள கேக்குதுல்ல, வாங்கித்தான் குடேன்" என்று ஒரு பாட்டி சொல்வார். "ரெண்டு போடு, சரியாயிடும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கையில் இருக்கும் பிஸ்கட்டை நீட்டிவிடுவார். எல்லாமே பரிவில் பிறப்பவைதான். ஆனால் அந்த நேரத்தில் தாயின் கவனம் குழந்தையிடமிருந்து விலகி, தன்னைப் பற்றிப் பிறர் என்ன நினைக்கிறார்கள் என்பதில் போய் நிற்கிறது. வெட்கத்தால் வாங்கிக் கொடுப்பதும் வெட்கத்தால் அடிப்பதும் இப்படி நிகழ்வனவே. வீட்டில் ஒருபோதும் கை ஓங்காத பெற்றோரும் சந்தையில் ஓங்கிவிடுவதுண்டு.

குழந்தையின் பக்கமும் சுமை இருக்கிறது. தியாகதுருகம் போன்ற ஊர்களின் வாரச் சந்தையில் பெரியவர்களின் கண்ணுக்குக் காய்கறி, கருவாடு, ஆடு, கோழி என விரிவது, 3 அடி உயரத்தில் இருப்பவருக்கு வெறும் கால்களின் காடு. வெயில், தாகம், பகல் தூக்கம் கெட்டுப்போனது எல்லாம் சேர்ந்துகொள்ளும். உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 1, 2 வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை. விடியற்காலைப் பேருந்தில் மலையிலிருந்து இறங்கி, பிற்பகல் வரை அலுவலகத் திண்ணையில் காத்திருக்கும் குழந்தைக்கு இதில் எவ்வளவு கிடைக்கும்?

அடம் பழக்கமாவது எப்படி

முதல் அடம் இயற்கையானது. பத்தாவது அடம் பெரும்பாலும் கற்றுக்கொண்டது. குழந்தை மிட்டாய் கேட்கிறது, தாய் மறுக்கிறார், குழந்தை புரள்கிறது, தாய் வாங்கிக் கொடுக்கிறார், சத்தம் நிற்கிறது. இதில் இருவருமே ஒன்றைக் கற்றுக்கொள்கின்றனர். புரண்டால் கிடைக்கும் என்பது குழந்தையின் பாடம். கொடுத்தால் நிற்கும் என்பது தாயின் பாடம். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் 1982இல் வெளியான தம் நூலில் குடும்பங்களுக்குள் இந்த இருவழிக் கட்டாயம் எப்படி வளர்கிறது என்பதை விரிவாக விளக்கினார்.

எப்போதும் கொடுப்பதைவிடச் சிலநேரம் மட்டும் கொடுப்பது பழக்கத்தை இன்னும் கெட்டியாக்கும். நான்கு முறை மறுத்துவிட்டு ஐந்தாம் முறை பொறுக்க முடியாமல் வாங்கிக் கொடுத்தால், விடாமல் ஐந்து முறை கேட்க வேண்டும் என்பதையே குழந்தை கற்கும். கொடுப்பதானால் முதல் முறை கேட்டபோதே கொடுத்துவிடுவது இதைவிட நல்லது. கொடுப்பதை நிறுத்த முடிவெடுத்தால் முதல் சில முறை அடம் குறைவதற்குப் பதிலாகக் கூடவே செய்யும். முன்பு திறந்த கதவு இப்போது திறக்காதபோது இன்னும் ஓங்கித் தட்டிப் பார்ப்பது போன்றது இது. பல குடும்பங்கள் இந்தக் கட்டத்தில்தான் கைவிட்டுவிடுகின்றன.

1959இல் கார்ல் வில்லியம்ஸ் பதிவு செய்த ஒரு நிகழ்வு உளவியல் பாடநூல்களில் இன்றும் சொல்லப்படுகிறது. 21 மாதக் குழந்தை ஒன்று இரவில் தூங்கவைத்துவிட்டுப் பெரியவர்கள் அறையை விட்டு நகர்ந்தாலே கத்தியது. இனி திரும்பிப் போவதில்லை என்று வீட்டார் முடிவெடுத்தனர். முதல் இரவு 45 நிமிடம் கத்திய குழந்தை, பத்தாவது முறை சிணுங்கக்கூட இல்லை. ஒரு வாரம் கழித்து, அதைத் தூங்கவைத்த அத்தையோ சித்தியோ அழுகை தாளாமல் அறைக்குத் திரும்பி, தூங்கும்வரை உடன் இருந்துவிட்டார். அவ்வளவுதான்; எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் சுற்றிலும் அழுகை படிப்படியாக நின்றது. குழந்தையை அழவிடும் அந்த முறையை இன்று எல்லாரும் ஏற்பதில்லை. ஆனாலும் தாத்தா, பாட்டி, மாமன், அத்தை என ஆறேழு பேர் ஒரே குழந்தையைக் கவனிக்கும் வீடுகளுக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்கும் பிற கூலி வேலைக்கும் வெளியூர் செல்லும் பெற்றோர் பலர் மாதக்கணக்கில் குழந்தைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்கின்றனர். திரும்பி வந்த தாய் "இல்லை" என்றதைப் பாட்டி "ஆகட்டும்" என்றால், அடத்தின் வெற்றி தோல்வி யார் அருகில் இருக்கிறார் என்பதைப் பொறுத்ததாகிவிடும். பாட்டியைக் குறை சொல்வதில் பயனில்லை. சந்தைக்குக் கிளம்பும் முன் என்ன வாங்குவது, என்ன வாங்குவதில்லை என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

புறப்படும் முன்

நடந்த பிறகு அடக்குவதைவிட, நடக்கும் முன் திட்டமிடுவது எளிது. ஆஸ்திரேலியாவில் மேத்யூ சாண்டர்ஸ், மார்க் டாட்ஸ் ஆகியோர் 1980களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளில், கண்டிப்பதற்குப் பெற்றோரைப் பயிற்றுவித்ததோடு, வெளியே போகும்போது குழந்தைக்கு என்ன வேலை கொடுப்பது என்று முன்கூட்டியே திட்டமிடவும் கற்றுக்கொடுத்தனர். 1977இல் அமெரிக்கப் பேரங்காடிகளில் நடந்த ஆய்வுகளும் இதே வழியில் சென்றன. குழந்தையை அருகிலேயே வைத்துக்கொண்டு, கடையைப் பற்றிப் பேசிக்கொண்டே, ஒழுங்காக நடந்துகொள்ளும்போது அதைச் சொல்லிப் பாராட்டிய பெற்றோரின் குழந்தைகளிடம் தொல்லை குறைந்தது.

கள்ளக்குறிச்சிச் சூழலுக்கு இதை மாற்றிப் பொருத்துவது கடினமன்று. வயிற்றுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுக் கிளம்புவது, தண்ணீர்ப் புட்டி, மாற்றுச் சட்டை, பழகிய துணியோ பொம்மையோ ஒன்று. பிறகு இரண்டே இரண்டு விதிகள், குழந்தையின் மொழியில்: "அம்மா கையைப் பிடிச்சிட்டு வரணும். இன்னிக்கு ஒரு பொருள்தான்." "சேட்டை பண்ணாதே" என்பது விதியாகாது, எதைச் செய்யக்கூடாது என்று சொல்வதால் எதைச் செய்ய வேண்டும் என்பது 3 வயதுக் குழந்தைக்குத் தெரிந்துவிடாது. சந்தையில் சிறு பையில் நான்கு தக்காளியைச் சுமக்கக் கொடுப்பது, கத்தரிக்காய்க் குவியலில் நல்லதைப் பொறுக்கச் சொல்வது போன்ற வேலைகள் விளையாட்டுப் பொருளைவிட நீண்ட நேரம் பிடித்து வைக்கும். குழந்தை நன்றாக நடந்துகொண்ட பத்து நிமிடத்தை யாரும் கவனிப்பதில்லை. கெட்ட அரை நிமிடத்தைச் சந்தையே கவனிக்கிறது. இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவதுதான் பாராட்டின் வேலை.

மலைப் பேருந்து

கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலை வளைவுகள் நிறைந்தது. 2 முதல் 12 வயது வரையுள்ளவர்களுக்குப் பயணக் குமட்டல் அதிகம். வாந்தி வருவதற்கு முன் குழந்தை முகம் வெளிறும், கொட்டாவி விடும், எச்சில் ஊறும், காரணமின்றிச் சிணுங்கும். "தலை சுத்துது" என்று சொல்லத் தெரியாத வயதில் இது அடமாகவே தெரியும். இதற்குக் கண்டிப்பு உதவாது. பேருந்தின் முன்பக்க இருக்கை, சன்னல் வழியாகத் தொலைவைப் பார்க்கவைத்தல், காற்று, பயணத்துக்கு முன் எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்த்து எளிய உணவு ஆகியன உதவும். கைபேசித் திரையைக் குனிந்து பார்ப்பது குமட்டலைக் கூட்டும். மாத்திரை வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை பயணச்சீட்டு வேண்டாம் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. செலவு மிச்சம் என்றாலும், நெரிசலில் சீட்டில்லாக் குழந்தைக்குத் தனி இருக்கை கிடைப்பதில்லை. 4 வயதுக் குழந்தை இரண்டு மணி நேரம் மடியில் அசையாமல் இருக்க வேண்டியிருக்கிறது. நிறுத்தத்தில் பேருந்து நிற்கும் சில நிமிடங்களில் இறங்கி நான்கு அடி நடக்கவிடுவது பாதி அடத்தைத் தடுக்கும்.

அடம் தொடங்கிவிட்டால்

முதலில் பாதுகாப்பு. சாலையோரம், அணைக்கட்டு, மேகம் அருவி, பெரியார் அருவி போன்ற இடங்களில் கையை உதறிவிட்டு ஓடும் குழந்தையிடம் பேச்சுவார்த்தை கிடையாது. பிடித்துத் தூக்கிவிட வேண்டும். ஆபத்தில்லாத இடத்தில் நடந்தால் கூட்டத்திலிருந்து சற்று விலகி, ஒரு மர நிழலுக்கோ கடைத் திண்ணைக்கோ போவது நல்லது. பார்ப்போர் இல்லாத இடம் குழந்தைக்குத் தேவைப்படுவதைவிடப் பெரியவருக்கே அதிகம் தேவைப்படுகிறது. குழந்தையின் உயரத்துக்குக் குந்தி, குறைந்த குரலில், ஒரே வரி: "பலூன் வேணும்னு கோவமா இருக்கே. இன்னிக்கு வாங்கலை." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கத்தல் உச்சத்தில் இருக்கும்போது சொல்லும் நியாயங்கள் தீயில் ஊற்றும் நெய். அருகிலேயே இருந்து, அழுகை இறங்கும்போது அணைத்துக்கொள்ளலாம். அணைப்பது தோற்றுப்போவதன்று, பலூனை வாங்குவதுதான் தோற்பது.

அறிவுரை சொல்ல வருவோரிடம் "பரவாயில்லைங்க, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்ற ஒரு வரி போதும். உதவ விரும்புவோர் குழந்தையிடம் பேசுவதைவிட, தாயின் பையை வாங்கி வைத்துக்கொள்வது, இருக்கையை விட்டுத் தருவது, வரிசையில் முன்னே போகச் சொல்வது ஆகியவற்றைச் செய்யலாம்.

மொட்டை, காதுகுத்துச் சடங்குகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, சுற்றி உறவினர் கூடி நிற்க, மேளமும் ஒலிபெருக்கியும் முழங்க, முன்பின் தெரியாத ஒருவர் கத்தியோடு நெருங்கும்போது அலறுவது முற்றிலும் நியாயமான அச்சம். இரண்டு நாள் முன்பிருந்தே பொம்மைக்கு மொட்டை போட்டு விளையாடிக் காட்டுவதும், மாமன் குழந்தையோடு முன்னதாகவே பழகிவிடுவதும், அந்த நேரம் மேளத்தைச் சற்று நிறுத்தச் சொல்வதும் பலன் தரும். "ஆம்பளப் புள்ள அழலாமா" என்பதால் எந்தக் குழந்தையும் அழுகையை நிறுத்தியதில்லை.

பூச்சாண்டியும் பிரம்பும்

"பூச்சாண்டிகிட்டப் பிடிச்சுக் குடுத்துருவேன்", "போலீஸ் வருது", "டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்றேன்", "உன்னை இங்கயே விட்டுட்டுப் போறேன்" ஆகிய நான்கும் தமிழ்க் குடும்பங்களில் பரவலாகக் கேட்கக்கூடியவை. உடனடியாக வேலை செய்யும். விலை பிறகு தெரியும். ஊசியால் மிரட்டப்பட்ட குழந்தையை அடுத்த தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் அழைத்துச் செல்வது பெரும்பாடு. காவலரைக் கண்டு அஞ்சப் பழகிய குழந்தை, திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோயில் விழாவிலோ கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவிலோ கூட்டத்தில் தவறிவிட்டால், தன்னைத் தேடி வரும் காவலரிடமிருந்தே ஒளிந்துகொள்ளும். "விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லி நான்கு அடி நடந்து காட்டுவது, தவறிவிடுவோமோ என்ற அச்சத்தை மனதில் விதைத்து, அடுத்த முறை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டு அழவைக்கும்.

"அடியாத மாடு படியாது" என்ற பழமொழி அடிக்குத் துணையாக அடிக்கடி இழுக்கப்படுகிறது. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன் கேலர் ஆகியோர் ஏறத்தாழ 1,60,000 குழந்தைகள் அடங்கிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட பகுப்பாய்வில், கையால் அடிக்கும் வழக்கம் முரட்டுத்தனம், மனநலச் சிக்கல் போன்றவற்றோடு தொடர்புடையதாக இருந்தது; குழந்தையின் நடத்தை மேம்பட்டதோடு தொடர்பு காணப்படவில்லை. வீட்டிலும் அடிப்பதை முதலில் தடைசெய்த நாடு சுவீடன், 1979இல். இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைத் தாக்கித் தேவையற்ற உடல், மனத் துன்பம் விளைவித்தால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் தண்டனை உண்டு.

இன்றைய பூச்சாண்டிக்குப் பதிலாக வந்திருப்பது கைபேசி. அது மிரட்டுவதில்லை, மயக்குகிறது. 2 வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. நீண்ட மருத்துவமனை வரிசையில் பத்து நிமிடம் பாட்டுப் போட்டுக் காட்டியதற்காக ஒரு தாய் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அழத் தொடங்கிய பிறகு கொடுக்கும் கைபேசி அடத்துக்குக் கிடைத்த கூலியாகிவிடும். கொடுப்பதானால் அமைதியாக இருக்கும்போதே, இத்தனை பாட்டு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மருத்துவ உதவி

சில நேரம் அடத்துக்குப் பின்னால் உடல்நலம் இருக்கும். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை காணப்பட்டது. இரும்புச்சத்துக் குறைவு குழந்தையைச் சிடுசிடுப்பாக்கும். அழுகையின் நடுவே மூச்சை அடக்கி, உதடு நீலமாகிச் சில நொடிகள் மயங்கிப்போகும் 'மூச்சடக்கல்' உள்ள குழந்தைகள் சிலருக்கு இரும்புச்சத்து மருந்தால் அது குறைகிறது. பெற்றோரைக் கதிகலங்கவைக்கும் இந்நிலை பெரும்பாலும் தீங்கின்றி 6 வயதுக்குள் மறைந்துவிடும். எனினும் முதல்முறை நேர்ந்தவுடன் மருத்துவரிடம் காட்ட வேண்டும், வலிப்பு இல்லை என்பதை அவர்தான் உறுதிசெய்ய முடியும்.

2 வயது கடந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, மேளம், குக்கர் விசில் போன்ற ஒலிகளுக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது, அடத்தின்போது தலையைச் சுவரில் மோதிக்கொள்வது, 5 வயதுக்குப் பிறகும் அடம் குறையாதது, பெரும்பாலான அடங்கள் அரை மணி நேரத்துக்கு நீள்வது ஆகியவற்றில் எது இருந்தாலும் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. செவிக்குறை, பேச்சுத் தாமதம், ஆட்டிசம் போன்றவை இருக்கலாம். 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து குழந்தைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. குழு வரும் நாள் அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும்; மலையூர்களில் உள்ளவர்கள் அன்று குழந்தையை அனுப்பிவைத்தால், மேல்பரிசோதனை தேவையா என்பது ஊரிலேயே தெரிந்துவிடும். குழந்தை துன்புறுத்தப்படுவது கண்ணில் பட்டால் 1098 என்ற எண்ணுக்கும், வளர்ப்புச் சுமையில் மனம் தளர்ந்த பெற்றோர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கும் கட்டணமின்றி அழைக்கலாம்.